மேய்க்கால் நம்முடையது, கையெழுத்தும் நம்முடையது

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தருமபுரி மாவட்டத்தில் 1989ஆம் ஆண்டு இந்தச் சுய உதவிக் குழு வேலை தொடங்கியபோது, பத்து இருபது பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பணம் எண்ணுவதையே ஊர் வேடிக்கை பார்த்தது. இன்றைக்கு நாம் வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து வட்டி கேட்கிறோம். உள்கடன், சுழல்நிதி, வங்கிக் கடன் எல்லாம் நமக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க. "மேய்க்காலுக்கு வேலி போட்டு செடி வளர்த்தா வெளிநாட்டுலேருந்து பணம் வருமாமே, கார்பன் கிரெடிட்டுன்னு சொல்றாங்களே, நெசமா? அப்ப என் ஆடு எங்க போகும்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நிர்வாகிகள் என்னைப் பேசச் சொன்னாங்க. கேள்வியின் இரண்டு பாதிக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்த வார்த்தை. கிரெடிட் என்றால் நமக்குக் கடன் ஞாபகம் வரும். இது கடன் இல்லை. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மரமும் செடியும் இழுத்துத் தன் உடம்பாக, கட்டையாக, வேராக மாற்றிக்கொள்கின்றன. அப்படி ஒரு டன் கரியமில வாயுவைக் கூடுதலாகப் பிடித்து வைத்தோம் என்று ஒரு சான்றிதழ் அமைப்பு அளந்து எழுதிக் கொடுத்தால் அது ஒரு கார்பன் கிரெடிட். புகை விடும் கம்பெனிகள் அந்தச் சான்றை விலைக்கு வாங்கி, "எங்கள் புகையில் இவ்வளவு ஈடுகட்டிவிட்டோம்" என்று கணக்குக் காட்டும்.

ஒரு டன் என்றால் எவ்வளவு? நாம் விறகுச் சுமை தூக்கியவர்கள். சுமையிலேயே கணக்குப் போடுவோம். காய்ந்த கட்டையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கரி இருக்கிறது. ஒரு கிலோ கரி உருவாக ஏறக்குறைய 3.67 கிலோ கரியமில வாயு போகிறது. அப்படியென்றால் ஒரு டன் வாயுவைப் பிடிக்க, காய்ந்த எடையில் ஏறக்குறைய 580 கிலோ கட்டை புதிதாக வளர வேண்டும். ஒரு தலைச்சுமை 25 கிலோ என்று வைத்தால் 23 சுமை. அந்த 23 சுமையும் வெட்டப்படாமல், எரிக்கப்படாமல், நிலத்திலேயே உயிரோடு நின்றால்தான் ஒரு கிரெடிட். நிலத்துக்கு அடியில் இருக்கும் வேரும் இந்தக் கணக்கில் சேரும்.

இப்போது நம்ம மண்ணைப் பார்ப்போம். மரக்காணம் பாலைவனம் இல்லை. மழை பெய்யுது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி ஓடிவிடுகிறது. தை பிறந்தால் வறட்சி. கடலோரம் மணல், அதை அடுத்து உப்பளம், அப்புறம் கழுவேலியும் உவர் நிலமும், மேற்கே ஏறினால் செம்மண் மேடு. அந்த மேட்டில் முந்திரி, சவுக்கு, நடுநடுவே பொட்டல். பொட்டல் முழுக்க வேலிகாத்தான்.

இந்த மண் எப்போதும் பொட்டலாக இருந்ததில்லை. எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்குப் போங்க. சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் அந்தக் கோயில்காடு தப்பித்திருக்கிறது. வெயில் காலத்திலும் இலை உதிராத வீரை, உலக்கைப்பாலை, காசா, காரை, களா என்று நம்ம கடற்கரைக்கே உரிய உலர் பசுமைக் காடு அது. வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே மண் குளிர்ந்து கிடக்கும்.

சரி, பொட்டல் திரும்பக் காடாகுமா? ஆகும். அதற்கும் சாட்சி பக்கத்திலேயே இருக்கு. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு செம்மண் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. அங்கங்கே பனை நின்றது. அவர்கள் வரப்பு போட்டு மழைத்தண்ணீரை நிறுத்தினார்கள், ஆடு மாட்டைத் தடுத்தார்கள், இந்த மண்ணின் மரங்களைத் தேடிப்பிடித்து விதை சேர்த்து வளர்த்தார்கள். இன்று அது காடு. ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது. அவர்கள் விலைக்கு வாங்கிய நிலத்தில் செய்தார்கள். அதனால் வேலி போட முடிந்தது. நம்ம மேய்க்கால் பொது நிலம். அங்கே ஒரு வேலி போட்டால் அந்த வேலிக்கு வெளியே நிற்பது யாரோ இல்லை. ஆடு வளர்க்கிற விதவை அக்காவும், நிலமில்லாத குடும்பமும்தான்.

ஆடுதான் காட்டை அழித்தது என்று சொல்வது சுலபம். நானும் ஆடு கட்டியிருப்பவள். ஆடு துளிரைக் கடிக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அழித்தது ஆடு மட்டும் இல்லை. விறகுக்கும் கரிக்கும் வெட்டியது, மேடு முழுக்க ஒரே மரமாகச் சவுக்கு போட்டது, மேய்க்காலைத் துண்டு துண்டாக ஆக்கிரமித்தது, மிச்சம் இருந்த சின்ன இடத்தில் எல்லா ஆடும் வருடம் முழுக்க நின்றது, இத்தனையும் சேர்ந்துதான் அழித்தது. நிலம் சுருங்கச் சுருங்க, ஆடு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடிக்கிறது. துளிர் தலை தூக்க நேரமே கிடைக்கவில்லை.

அந்த நேரத்தைக் கொடுப்பதுதான் வைத்தியம். வெட்டிய தூரின் வேர் மண்ணுக்குள் பல காலம் உயிரோடு இருக்கும். களாப் புதருக்குள், சூரை முள்ளுக்குள் பார்த்திருப்பீங்க, குருவி போட்ட விதையில் வேப்பங்கன்றும் பாலைக்கன்றும் முளைத்திருக்கும். முள் அதற்குத் தாய் மாதிரி காவல். அதை முள்ளென்று வெட்டி எரித்துவிட்டு, குழி தோண்டி நர்சரிக் கன்று நட்டு, வாடகைக்கு டிராக்டரில் தண்ணி ஊற்றுகிறோம். இருப்பதைக் காப்பாற்றினால் பாதிச் செலவு மிச்சம். இதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் "தானா வர்றதைத் தடுக்காம இருக்கிறது" என்று சொல்லிக்கொள்வோம்.

வேலிகாத்தானை ஒரே நாளில் பிடுங்கிப் போடுவதும் சரி வராது. அது கெட்ட செடிதான். தனக்குக் கீழே வேறு எதையும் லேசில் வளர விடாது. ஆனால் இன்றைக்கு நம்ம அடுப்பு அதில் எரிகிறது. காய்ந்த மாதத்தில் ஆடு அதன் காயைத் தின்கிறது. கீற்றுக் கீற்றாக எடுத்து, எடுத்த இடத்தில் நம்ம செடி தலை எடுத்த பிறகு அடுத்த கீற்றுக்குப் போகணும்.

உவர் நிலத்துக்கு வழி வேறு. அங்கே மேட்டு மரம் நட்டால் கருகிப் போகும். உமரியும் உகாயும் அங்கே தானாக வரும். தண்ணி வந்து போகும் ஓடை ஓரத்தில் தில்லை, கண்டல் வரும். பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அலையாத்திக் காட்டை மீட்டபோது முதலில் கன்று நடவில்லை. தண்ணீர் தேங்கி உப்பேறிக் கிடந்த இடத்தில் மீன் முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டி, கடல் தண்ணி உள்ளே வந்து போக வழி செய்தார்கள். உப்பு இறங்கிய பிறகு கன்று பிடித்தது. உப்பளத்தில் பாத்தி கட்டத் தெரிந்த நமக்கு இந்தத் தண்ணிக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்க. கழுவேலியை 2021 டிசம்பரில் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 5,000 எக்டேருக்கு மேல் அது வனத்துறைச் சட்டத்துக்குள் வருகிறது. உப்பளம் குத்தகை நிலம். இந்த இரண்டிலும் நாம் கையெழுத்துப் போட்டு எதையும் விற்க முடியாது. யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். நாம் பேசுவது ஊராட்சியின் மேய்க்கால், ஏரிக்கரை, தோப்புப் புறம்போக்கு, நம்மில் சிலருடைய தரிசுப் பட்டா, இவ்வளவுதான்.

இனி வெளியூர்க் கதைக்கு வருகிறேன். மேய்ச்சல் நிலத்தில் செடி வளர்த்து கார்பன் விற்பது உலகத்தில் புதிது இல்லை. மூன்று இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றிலும் நமக்கு ஒவ்வொரு பாடம் இருக்கு.

முதலாவது ஆஸ்திரேலியா. அங்கே உள்நாட்டு வறண்ட பகுதிகளில் பெரிய பெரிய ஆட்டுப் பண்ணை, மாட்டுப் பண்ணை. "காட்டை வெட்டாதே, மேய்ச்சலைக் கட்டுப்படுத்து, காட்டு ஆடுகளைக் குறை, தானாக மரம் வந்தால் அரசே கிரெடிட் தரும்" என்று ஒரு திட்டம். இரண்டு மீட்டர் உயரம் வளரக்கூடிய மரங்கள், நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு நிழல் கட்டும் அளவுக்கு வரணும் என்பது அளவுகோல். 25 வருடம் அல்லது 100 வருடம் அப்படியே காக்கிறேன் என்று பண்ணைக்காரர் எழுதிக் கொடுக்கணும். நிறையப் பணம் போனது. 2022இல் ஆண்ட்ரூ மெக்கின்டாஷ் என்ற பேராசிரியர், இந்தத் திட்டத்தை ஒரு காலத்தில் மேற்பார்வை பார்த்த குழுவின் தலைவராகவே இருந்தவர், பகிரங்கமாகக் கேட்டார்: "இங்கே வளர்ந்தது மேய்ச்சலைக் குறைத்ததால் வளர்ந்ததா, நல்ல மழை பெய்ததால் வளர்ந்ததா? மழைக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள்?" அரசு ஒரு மறுஆய்வுக் குழு போட்டது. திட்டத்தின் அடிப்படை சரிதான் என்று அந்தக் குழு சொன்னது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. 2023 செப்டம்பரோடு அந்த முறையில் புதிய பதிவு நின்றுபோனது.

நமக்குப் பாடம் என்ன? நம்மால் வந்த வளர்ச்சி எது என்று காட்டத் தெரியணும். வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே நிலத்தின் இன்றைய நிலையைப் பதிந்து வைக்கணும். நாலு மூலையிலும் கல் நட்டு, போட்டோ பிடித்து, தேதி போட்டு, என்ன செடி எத்தனை என்று பதிவேட்டில் எழுதணும். மரத்தின் சுற்றளவை எப்போதும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து 1.3 மீட்டரில், நாடா வைத்து அளக்கணும். அளக்காமல் அடைத்துப் போட்ட பக்கத்துத் துண்டு ஒன்றையும், வழக்கம்போல் மேயும் துண்டு ஒன்றையும் சேர்த்து அளந்தால், மழை கொடுத்தது எவ்வளவு, நாம் கொடுத்தது எவ்வளவு என்று நமக்கே தெரியும். வரவு செலவு எழுதுகிற கைக்கு இது பெரிய வேலை இல்லை.

இரண்டாவது கென்யாவின் வடக்குப் பகுதி. ஆடு, மாடு, ஒட்டகம் மேய்க்கிற மக்கள். ஏறக்குறைய 19 லட்சம் எக்டேர் மேய்ச்சல் நிலத்தில், "இடம் மாற்றி முறையாக மேய்த்தால் புல்லும் மண்ணும் கார்பன் சேர்க்கும்" என்று ஒரு பெரிய திட்டம் நடந்தது. பேஸ்புக் கம்பெனியான மெட்டா மாதிரி பெரிய நிறுவனங்கள் கிரெடிட் வாங்கின. ஆனால் பல தலைமுறையாக மேய்த்துவந்த மக்களில் பலர், "எங்களிடம் சரியாகக் கேட்கவே இல்லை, நாங்கள் காலங்காலமாக மழையைப் பார்த்து இடம் மாறுகிற வழக்கத்தையே மாற்றுகிறார்கள்" என்றார்கள். 2023இல் சான்றிதழ் அமைப்பு திட்டத்தை மறுஆய்வுக்கு எடுத்தது. 2025 ஜனவரியில் கென்யாவின் சுற்றுச்சூழல் மற்றும் நில நீதிமன்றம், அந்தப் பகுதியின் இரண்டு காப்பகங்கள் மக்கள் பங்கேற்பு இல்லாமல் அமைக்கப்பட்டவை, சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. நிலம் இருந்தது, பணம் வந்தது, பெரிய கம்பெனி வாங்கியது. கேட்க வேண்டியவர்களைக் கேட்காததால் எல்லாம் ஆட்டம் கண்டது.

மூன்றாவது நம்ம நாட்டிலேயே, மேகாலயாவின் காசி மலை. மாவ்பிளாங் பக்கத்தில் பத்துப் பாரம்பரிய ஊராட்சிகள், 62 கிராமங்கள் சேர்ந்து 2011இல் தொடங்கினார்கள். 27,000 எக்டேர் நிலப்பரப்பு. யாரோ வந்து வேலி போடவில்லை. ஊர்களே ஒன்றுகூடித் தங்களுக்கு ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. தீத்தடுப்புக் கோடு போட்டு, களையெடுத்து, தானாக வந்த துளிரைக் காத்து மரமாக்கினார்கள். பெண்கள் சுய உதவிக் குழுக்கள் வழியாகப் பணம் புழங்கியது. விறகு குறைவாகக் குடிக்கும் அடுப்பு வந்தது. காட்டில் மேய்கிற ஆடு மாட்டைக் குறைத்தால் வீட்டுக்கு வருமானம் குறையுமே, அதற்கு ஈடாகப் பன்றி, கோழி வளர்ப்புக்கு உதவி கொடுத்தார்கள். கவனியுங்க. "ஆட்டை விடு" என்று மட்டும் சொல்லவில்லை. விட்டால் அதற்குப் பதில் என்ன என்பதையும் அதே கூட்டத்தில் தீர்மானித்தார்கள்.

கென்யாவையும் காசி மலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. செடி இரண்டு இடத்திலும் வளரும். யார் முடிவெடுத்தது என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது பணத்துக்கு வருவோம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீங்க.

விலை இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு பேச்சுக்கு ஒரு கிரெடிட் 500 ரூபாய் என்று வையுங்க. ஒரு பேச்சுக்கு ஒரு ஏக்கரில் வருடத்துக்கு ஒரு கிரெடிட் வளர்கிறது என்றும் வையுங்க. நூறு ஏக்கர் மேய்க்காலுக்கு வருடம் 50,000 ரூபாய். 20 குழு, குழுவுக்கு 12 பேர், மொத்தம் 240 பேர். ஆளுக்கு 210 ரூபாய் கூட வராது. அதிலும் அளக்க வருபவர், தணிக்கை செய்பவர், பதிவுக் கட்டணம், நடுவில் இருக்கும் நிறுவனத்தின் பங்கு எல்லாம் போகணும். ஒரு நல்ல கிடா விற்றால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். 210 ரூபாய்க்கு ஆட்டை விற்கச் சொன்னால் எந்தப் பைத்தியக்காரி விற்பாள்?

ஆகவே "லட்சக்கணக்கில் வரும்" என்று யாராவது சொன்னால், "எத்தனை ஏக்கர், எத்தனை டன், என்ன விலை, செலவு போக எவ்வளவு" என்று இந்த நாலு கேள்வியைக் கேளுங்க. கணக்கு அங்கேயே வெளுத்துவிடும்.

அப்படியென்றால் இது வேண்டாத வேலையா? இல்லை. கென்யாவிலேயே கடலோரத்தில் காஸி விரிகுடா என்று ஒரு இடம். 2013இலிருந்து அங்கே மீனவ ஊர்கள் 117 எக்டேர் அலையாத்திக் காட்டைக் காத்து வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 கிரெடிட் விற்கிறார்கள். சேற்றில் நிற்கும் அலையாத்தி அப்படிக் கார்பன் சேர்க்கும். நம்ம செம்மண் மேட்டுக் காரையும் சூரையும் அந்த வேகத்தில் வளராது. ஆனால் அவர்கள் அந்தப் பணத்தை என்ன செய்தார்கள் என்று பாருங்க. வீட்டுக்கு வீடு பிரிக்கவில்லை. குடிதண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம் என்று ஊர்ப் பொதுவில் போட்டார்கள். பிரித்தால் சில்லறை, சேர்த்தால் முதல். இதைச் சங்கத்துப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கார்பன் பணம் கடைசியில் வருகிற சில்லறை. அதற்கு முன்னாலேயே வருவது பல. 2024 நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் நம்ம பக்கம் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. செம்மண் மேட்டில் செடி இருந்தால் அந்தத் தண்ணியில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும். செடி இல்லாததால் மண்ணையும் அள்ளிக்கொண்டு செந்தண்ணியாக ஓடி, ஏரியிலும் கழுவேலியிலும் வண்டலாகப் படிகிறது. மேட்டில் களா, இலந்தை, காரை திரும்பி வந்தால் பழம் வரும், தேனீ வரும், ஆட்டுக்குத் தழையும் வரும். ஆமாம், ஆட்டுக்குத்தான் சொல்கிறேன். மூன்று நாலு வருடம் பொறுத்தால், ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போன மரத்தின் கீழ்க்கிளையும், அடியில் வந்த புல்லும் ஆட்டுக்கே. காடு வந்தால் ஆடு போகணும் என்பது இல்லை. ஆடு எப்போது எங்கே மேயும் என்பதை முறைப்படுத்தணும், அவ்வளவுதான்.

இதற்கு நம்ம கூட்டமைப்பு செய்யக்கூடியது என்ன என்று என் யோசனையைச் சொல்கிறேன். பிடித்திருந்தால் அவரவர் குழுவில் வைத்துப் பேசுங்க.

ஒன்று, நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்வோம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பார்த்து, மேய்க்கால் எந்தச் சர்வே எண், எத்தனை ஏக்கர், இப்போது மிச்சம் எவ்வளவு என்று எழுதி வாங்குவோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, மேய்ச்சல் புறம்போக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று முறைப்படுத்தும் பொறுப்பைக் கிராம ஊராட்சிக்குத் தருகிறது. பொது நிலத்தில் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. ஆகவே எந்த நிறுவனமும் தலைவரைத் தனியாகப் பார்த்தோ, நம்மில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கியோ மேய்க்காலை எடுத்துக்கொள்ள முடியாது. கிராம சபையில் வைக்கணும். வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாம் போகாத கிராம சபையில்தான் நமக்குப் பிடிக்காத தீர்மானம் நிறைவேறும்.

இரண்டு, முழு மேய்க்காலையும் அடைக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூன்று நாலு மழைக்காலம் ஓய்வில் விடுவோம். எந்தப் பங்கு என்பதை ஆடு வைத்திருப்பவர்கள் முடிவு செய்யட்டும். ஆடு இல்லாதவர்கள் கை தூக்கி முடிவு செய்ய வேண்டாம். அது தலை எடுத்த பிறகு அடுத்த பங்கு. கம்பி வேலிக்குப் பணம் தேட வேண்டாம். கிளுவை, கள்ளி, நொச்சி, ஆடாதோடை போட்டாலே போதும். ஆடு தொடாது என்று பேரிலேயே இருக்கிற செடியை நம்ம பாட்டிமார் சும்மாவா வரப்பில் வைத்தாங்க?

மூன்று, காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அரசு கொடுக்கிறது. அதே மூன்று மாதம்தான் மண் நனைகிற காலம், விதை போடுகிற காலம். புரட்டாசிக்குள் வரப்பும் குழியும் அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் முடித்துவிட்டால், மழை வந்ததும் விதையும் கன்றும் போடலாம். விதையை வைகாசி, ஆனியிலிருந்தே சேர்த்து வைக்கணும். ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். அரசுப் பணத்தில் எப்படியும் நடக்கிற வேலையைக் கார்பன் கணக்கில் "நாங்கள் கூடுதலாகச் செய்தோம்" என்று காட்டுவது கடினம். ஆகவே கார்பன் நோக்கம் இருக்கும் துண்டு எது, பொதுப் பணித் துண்டு எது என்று தொடக்கத்திலேயே பிரித்து எழுதிவைப்பது நல்லது. அதே மாதிரி, இருக்கிற நாட்டுப் புதரை அழித்துவிட்டு மரம் நட்டால் பல சான்றிதழ் அமைப்புகள் பத்து வருடத்துக்கு அந்த நிலத்தைச் சேர்க்கவே மாட்டார்கள்.

நாலு, யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால், கையெழுத்துக்கு முன் இந்த ஆறு கேள்விக்குப் பதில் எழுத்தில் வாங்குங்க.

எத்தனை வருட ஒப்பந்தம்? இன்று முப்பது வயது மருமகள் கையெழுத்துப் போட்டால், அது முடியும்போது அவளுக்கு என்ன வயது?

ஆடு எந்தத் துண்டில், எந்த மாதத்தில், எத்தனை வருடம் போகக் கூடாது? அதற்கு ஈடு என்ன?

வரும் பணத்தில் நம்ம பங்கு எத்தனை சதவீதம்? செலவு கழிப்பதற்கு முன்னாலா, கழித்த பிறகா? எந்தக் கணக்கில் வரும்?

புயலில் சாய்ந்தால், தீயில் போனால் யார் பொறுப்பு? வாங்கிய பணத்தை நாம் திருப்பித் தரணுமா, அல்லது இதற்கென்றே ஒரு பங்கு கிரெடிட்டைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்களா?

விறகு, பழம், தழை, மூலிகை எடுக்க நமக்கு உரிமை உண்டா? எவ்வளவு?

ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா? ஒரு பிரதி கூட்டமைப்பின் பீரோவில் இருக்குமா?

ஆறில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்று சொல்லுங்க. அவசரப்படுத்துகிறவரிடம் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்க. மரம் வளர இருபது வருடம் ஆகும்போது, கையெழுத்துக்கு இரண்டு மாதம் ஆனால் குடிமுழுகிப் போகாது.

தாய்மார்களே, ஒரு குழுவில் ஒருத்தி கடன் கேட்டால், "எதற்கு, எப்படித் திருப்புவாய்" என்று பதினோரு பேர் கேட்ட பிறகுதானே தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். பத்தாயிரம் ரூபாய்க்கு அவ்வளவு கேட்கிற நாம், ஊர் மேய்க்காலை இருபத்தைந்து வருடத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது எவ்வளவு கேட்கணும்! ஆடு மேய்க்கிற பெண் தானாக முன்வந்து "இந்தத் துண்டு மூன்று வருடம் இருக்கட்டும்" என்று சொன்னால் அந்த இடத்துக்குக் காவல்காரர் வேண்டாம், அவளே காவல். அவளைக் கேட்காமல் போட்ட வேலியை ஒரே இரவில் பிரித்துவிடுவார்கள்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் நம்ம குழுப் பெண்கள் மேய்க்காலின் சர்வே எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு போகணும். "இந்த நிலத்தைப் பற்றி எந்த ஒப்பந்தம் வந்தாலும் ஆடு வளர்ப்போரைக் கேட்டு, கிராம சபையில் வைத்த பிறகே முடிவு செய்யப்படும்" என்று ஒரே ஒரு வரித் தீர்மானம் போட்டுவிட்டு வரணும். கார்பன் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஒரு வரி நமக்கு வேலி.